பீடி சுட்ட புண் என்று சொன்னேன்

காய்ச்சல் வந்தால் சிலர் கஷாயம் குடிப்பார்கள், சிலர் ஊசிக்கு ஓடுவார்கள். நான் உயில் எழுதுவேன். ஐம்பத்து நான்கு வயதுக்குள் ஏழு உயில் எழுதியாகிவிட்டது. சொத்து என்று பார்த்தால் நீலகிரியில் கட்டபெட்டு ஊருக்குக் கீழே அரை ஏக்கர் தேயிலை, ஒரு ஸ்கூட்டர், ஒரு கிரைண்டர். ஏழு உயிலிலும் கிரைண்டரை மகள் நித்யாவுக்குத்தான் எழுதியிருக்கிறேன். அது ஓடாது என்பது அவளுக்கும் தெரியும்.

எட்டாவது உயிலை எழுத வைத்த காய்ச்சலைப் பற்றியது இது. அதில் நான் பிழைத்துவிட்டேன். எழுதிக்கொண்டிருப்பது கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து. எதிரே கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் ஏழாம் நம்பர் கட்டிலில் என் மனைவி யோகேஸ்வரி பதினோரு நாளாக வாயில் குழாயோடு படுத்திருக்கிறாள். இயந்திரம் அவளுக்காக மூச்சு விடுகிறது. யோகம் எழுந்து வருவாளா என்று ஒரு நாளைக்கு மூன்று முறை கேட்கிறேன். மூன்று முறையும் "பாக்கலாங்க" என்கிறார்கள். நானும் இருபத்தெட்டு வருடமாக இலை எடை போடும் கொட்டகையில் கிளார்க். கொழுந்துக்கு விலை ஏறுமா என்று கேட்பவர்களிடம் நானும் "பாக்கலாங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று எனக்குத் தெரியும்.

வரிசையாகவே சொல்கிறேன்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் அட்டை கடிக்காத கால் கிடையாது. சிலர் உப்பு வைப்பார்கள், சிலர் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு போவார்கள். என் வழி பீடி. பற்றவைத்து நுனியை அட்டையின் முதுகில் காட்டினால் சுருண்டு விழும். அவசரத்தில் நெருப்பு அட்டையைத் தாண்டித் தோலிலும் படும். ஒரு பருவத்துக்குப் பதினைந்து சூடாவது வாங்குவேன். வீட்டில் பீடிக்கு அனுமதி கிடைத்ததே இந்த மருத்துவக் காரணத்தைச் சொல்லித்தான். அட்டை இல்லாத மாதங்களில் முன்னெச்சரிக்கையாகப் பிடிப்பேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போனோம். கவாத்து பார்க்க ஆளில்லாமல் விட்டுப்போன பழைய தேயிலைத் தோட்டம் அது; செடி மரமாகி, இடுக்கெல்லாம் புதர் மண்டிக் கிடந்தது. நான், யோகம், அவளோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கும் பரமு. மூன்று பேருக்கும் அட்டை. நான் பீடியும் கையுமாக டாக்டர் போல் சுற்றிச் சுற்றி வந்தேன். "அண்ணே, அட்டையை விட உங்களுக்குத்தான் பயமா இருக்கு" என்றாள் பரமு.

பத்தாவது நாள் எனக்குக் குளிர் எடுத்தது.

முதல் நாள் சாயங்காலமே உயில் தயார். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டில் விரலில் மாட்டும் கருவியை இரவல் வாங்கினேன். மணிக்கு ஒருமுறை ஆக்சிஜன் பார்த்தேன். தொண்ணூற்றேழு காட்டினால் கருவி பழுதென்று இன்னொரு விரலில் மாட்டினேன். திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நித்யாவுக்குப் போன் செய்து, "கண்ணு, அப்பா குரலை ரெக்கார்டு பண்ணி வெச்சுக்க" என்றேன். அவள், "அப்பா, போன காய்ச்சல்ல சொன்னதே இன்னும் போன்ல இருக்குது. எடமில்ல" என்றாள்.

யோகம் இதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. அவள் அப்பா அம்மா கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். வரும்போது கொண்டுவந்த பேச்சில் பாதி இன்னும் அவள் வாயில் இருக்கிறது. 'முடியும்' என்பதற்கு 'ஏலும்' என்பாள். என் தலைமாட்டில் சுடுதண்ணீர் வைத்துவிட்டுக் காலையில் கொழுந்துக்குப் போவாள், மதியம் வந்து கஞ்சி வைப்பாள், மறுபடி போவாள். "நீ கொஞ்சம் உக்காரு" என்றால், "எனக்கு ஏலும், நீங்க படுங்க" என்பாள். நானும் மறு பேச்சுப் பேசாமல் படுப்பேன். அந்த ஒரு விஷயத்தில் நான் அவள் சொல்லைத் தட்டியதே கிடையாது.

நான்காம் நாள் கோத்தகிரியில் ஒரு டாக்டரிடம் போனோம். தலைவலி உச்சந்தலையைப் பிளந்தது. கண் சிவந்திருந்தது. டெங்குவுக்கும் டைபாய்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள், இரண்டும் இல்லை. அந்த டாக்டர் நல்லவர். கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகவே கேட்டார்.

"உடம்புல எங்கயாச்சும் கருப்பா, காஞ்ச புண்ணு மாதிரி இருக்குதுங்களா?"

இருந்தது. வலது தொடை இடுக்கில், சட்டைப் பொத்தான் அளவில், நடுவில் கரிக்கட்டை போலக் கறுத்து, சுற்றிலும் சிவந்து. குளிக்கும்போது பார்த்திருக்கிறேன்.

"ஒண்ணு இருக்குதுங்க டாக்டர். அது அட்டைக்குப் பீடி சுட்டதுங்க" என்றேன்.

"நல்லாத் தெரியுங்களா?"

"நானேதானுங்க சுட்டேன்."

அத்தனை தெளிவாகச் சொன்னேன். அந்த இடத்தில் சுட்டதாக ஞாபகம் இருந்ததா என்றால், இல்லை. பதினைந்து சூட்டுக்கு யார் ரிஜிஸ்டர் வைத்துக்கொள்கிறார்கள்? கறுப்பாக, வட்டமாக இருந்தால் பீடி என்பது எங்கள் ஊர்க் கணக்கு. தொடை இடுக்கை டாக்டரிடம் காட்டக் கூச்சமும் இருந்தது. அவர் தலையாட்டினார். மூன்று நாள் ஊசி போட்டார். காய்ச்சல் அந்த ஊசிகளை மதிக்கவே இல்லை.

எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர், எங்கள் நித்யாவை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவர் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை. திரையை இழுத்துவிட்டு, டார்ச்சை எடுத்து, அக்குள், காதுக்குப் பின்னால், தொப்புள் என்று தொலைந்த சாவியைத் தேடுகிறவர் போலத் தேடிக்கொண்டே வந்தார். தொடை இடுக்கில் டார்ச் நின்றது.

"இது என்னங்க?"

"பீடி சுட்டதுங்க."

"சுட்டப்போ வலிச்சுதா?"

யோசித்தேன். "இல்லீங்க."

"இடுக்குல பீடிய வெச்சுச் சுட்டும் வலிக்கலீன்னா, அது என்ன பீடிங்க? கடை எங்கன்னு சொல்லுங்க."

நான் ஜோக் அடிக்க வேண்டிய இடத்தில் இன்னொருவர் அடித்தால் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சிரித்தேன்.

அந்தப் புண்ணுக்குக் காரணம், புதரில் வாழும் ஒரு பூச்சியின் குஞ்சு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. துணி இறுக்கிப் பிடிக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து கடிக்கும். கடித்தது தெரியாது. கடித்த இடம் கறுத்துக் காய்ந்து நெருப்புச் சுட்டது போல ஆகும். ஸ்கிரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல் என்றார். ரத்த முடிவு வரும் வரை காத்திருக்காமல் அப்போதே ஒரு மாத்திரையை வாயில் போடச் சொன்னார்.

"மூணு நாள் ஊசிக்குக் கேக்காதது, இந்த மாத்திரைக்குக் கேக்குங்களா?" என்றேன். எட்டு உயில் எழுதியவனுக்குச் சந்தேகம் தீராது.

அவர் சார்ட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்தார். உள்ளே ஒரு புள்ளி வைத்தார். "வட்டம் உங்க உடம்போட செல்லு. புள்ளி கிருமி. நெறையக் கிருமிங்க செல்லுக்கு வெளிய, ரத்தத்துல திரியும். இது உள்ள போய்க் குடியிருக்கற சாதி. நீங்க போட்ட ஊசி வெளியவே சுத்தும். உள்ள போனாலும் இதுமேல வேலை செய்யாது. இந்த மாத்திரை உள்ள போகும்."

அன்று முழுக்க அவர் சொன்னதை நான் என் மண்டைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டேன். படிப்பவர்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

உடம்பை ஒரு எஸ்டேட் என்று வையுங்கள். செல்கள் எல்லாம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள், வரிசையாக. ரத்தத்தில் ஓடும் எதிர்ப்புரதங்கள் ராக்காவல்காரர்கள். டார்ச்சும் விசிலுமாகப் பாதையில் சுற்றுவார்கள். பாதையில் திருடன் மாட்டினால் பிடித்துவிடுவார்கள். வீட்டுக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதி இல்லை. இந்தக் கிருமிக்கு அது தெரியும். பாதையில் நிற்பதே இல்லை; நேராக வீட்டுக்குள்.

வெள்ளை அணு இதை விழுங்கித்தான் பார்க்கும். விழுங்கியதை ஒரு பைக்குள் போட்டு அமிலம் ஊற்றிக் கொல்வது அதன் தொழில். இந்தக் கிருமி அமிலம் வருவதற்குள் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அந்த வெள்ளை அணுவின் நடு வீட்டிலேயே பாய் விரித்துவிடும். போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே குடித்தனம். குட்டி போட்டுப் பெருகி, வெளியே போகும்போது வீட்டுக்காரனின் போர்வையையே போர்த்திக்கொண்டு போகும், அடுத்த வீட்டில் ஆள் தெரியக்கூடாது என்று.

ஆனால் வீடும் சும்மா இருப்பதில்லை. உள்ளே இருப்பவனின் சட்டைத் துணியில் ஒரு கிழிசலை எடுத்து ஜன்னலில் தொங்கவிடும். டி செல் என்று ஒரு மேஸ்திரி வருவார். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்ப்பார். அந்நியத் துணி தெரிந்தால் இரண்டு காரியம் செய்வார். வீட்டுக்காரன் வெள்ளை அணுவாக இருந்தால், "உள்ள இருக்கறவன நீயே அடிச்சுக் கொல்லு" என்று காதில் கத்தி உசுப்பேற்றுவார். அந்தக் கத்தலுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயர். அதற்கும் மசியாவிட்டால், வீட்டோடு சேர்த்துக் கொளுத்துவார்.

"நம்ம ஊட்டயே நாமளே கொளுத்தறதுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"வேற வழி இல்லீங்களே. அதான் காய்ச்சல். அதான் வலி. கிருமி உங்களக் கடிக்கறதில்ல. நீங்க அதத் தேடறதுதான் உங்களுக்கு வலிக்குது."

மேஸ்திரி வந்து சேர நாளாகும். மாத்திரை அதற்குள் போய்க் கிருமியின் கையைக் கட்டிவிட்டால், கொளுத்த வேண்டிய வீடு குறையும். சீக்கிரம் கொடுத்தால் எளிது. தாமதமானால் எளிதல்ல. இவ்வளவுதான் மொத்தப் பாடமும். நான் பாஸ். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது.

இனி எழுதப்போவதை மூன்று நாளாக எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

காய்ச்சல் இறங்கிய காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். யோகம் பிளாஸ்கோடு கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள். டாக்டர் கேட்டார்: "ஊட்டுல வேற யாருக்காச்சும் காய்ச்சல் இருக்குதுங்களா? கூட வெறகுக்குப் போனவங்களுக்கு?"

எனக்குப் பிழைத்துக்கொண்ட தெம்பு. எட்டுப் பேர் இருக்கும் வார்டு. கேட்க ஆள் இருந்தால் எனக்கு நாக்கு நிற்காது.

"இவளுக்குங்களா டாக்டர்? இவளப் பாத்தா காய்ச்சலுக்கே காய்ச்சல் வந்துருமுங்க."

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் இருமிக்கொண்டே சிரித்தார். டாக்டர் சிரித்தார். யோகமும் சிரித்தாள், பிளாஸ்க் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாளாகியிருந்தது.

பிறகுதான் தெரிந்தது. எனக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரைப் பட்டையிலிருந்து ஒன்றை உடைத்து இரண்டு வேளை போட்டுக்கொண்டு, கொழுந்துக்கும் போய், பஸ் பிடித்துக் குன்னூருக்கும் வந்திருக்கிறாள். ஒரு வீட்டில் ஒருத்தர் படுத்தால் போதும் என்பது அவள் எண்ணம். அந்த ஒருத்தர் நான். நான் படுத்தால் நான்கு பேர் படுத்த மாதிரி. உண்மையான மருந்து என் தலைமாட்டில் இருந்தது. காலையும் மாலையும் அவளே பட்டையைக் கிழித்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் முகம் சுளித்தேன். "முழுங்குங்க, சின்னப்புள்ள மாதிரி" என்றாள். அவள் விரல் சுட்டது. பிளாஸ்கைப் பிடித்ததால் என்று நினைத்தேன்.

என் டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது, "இந்தாங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றாள். இருபத்தாறு வருடத்தில் அவள் என்னை நில்லுங்கள் என்று சொன்னது அதுதான் முதல் முறை. திரும்பிப் பார்த்தேன். உதடு நீலமாக இருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதே டாக்டர் ஓடி வந்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. மருந்தை ஊசியாகவே ஏற்றி, ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் கீழே அனுப்பினார். மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பர்லியாறு தாண்டுவதற்குள், "மூச்சு ஏலல" என்றாள். அந்த வாயிலிருந்து எனக்குக் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் துணி மாற்றும்போது அந்தப் புண்ணைப் பார்த்திருக்கிறார். இடுப்பில், வலது பக்கம். கொழுந்து பறிக்கிற பெண்கள் செடியின் ஈரமும் முள்ளும் படாமலிருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார்கள், தார்ப்பாய்த் துண்டு. அதைக் கயிறு போட்டு இறுக்குவார்கள். கயிறு அறுத்து அறுத்து எல்லோருக்கும் இடுப்பில் கறுத்த தழும்பு இருக்கும். அந்தத் தழும்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நான் பீடி என்றேன். அவளைக் கேட்டிருந்தால் கயிறு என்றிருப்பாள். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒருவருக்கும் அவளுக்கு முந்திக்கொண்டு நான் பதில் சொன்னேன்.

இந்த ஹாலில் முப்பது நாற்காலி. மலையை விட இங்கே குளிர். மிஷின் குளிர். நித்யா அன்றே திருப்பூரிலிருந்து வந்துவிட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் டீ வாங்கி வந்து நீட்டி, "நீங்க வேணும்னு சொல்லலப்பா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காப்பீட்டு அட்டை முக்கால்வாசியைப் பார்த்துக்கொள்கிறது. மீதிக்கு அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "அதக் கேக்காதீங்க" என்கிறாள். அவள் கழுத்து வெறுமையாக இருப்பது தெரிகிறது. கேட்கவில்லை.

என் பழைய பயமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்கு என்றால் இரவல் கருவியை வைத்து மணிக்கு ஒருமுறை நம்பர் பார்த்தவன், இங்கே அவள் தலைமாட்டுத் திரையில் பச்சையிலும் நீலத்திலும் ஓடுகிற எந்த நம்பரையும் பார்ப்பதில்லை. பார்வை நேரத்தில் உள்ளே விடும் ஐந்து நிமிடமும் அவள் காதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வருகிறேன். முதல் வாரம் ஜோக் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். நிறுத்திவிட்டேன்.

ஐந்தாம் நாள் பெரிய டாக்டர் கூப்பிட்டார். நெற்றியில் விபூதி, நிதானமான குரல். "கிருமி செத்துப்போச்சுங்க" என்றார்.

நித்யா என் கையைப் பிடித்தாள். நான் கும்பிடக் கையைத் தூக்கிவிட்டேன்.

"இருங்க, முழுசாக் கேளுங்க. இந்தக் கிருமி அதிகமாக் குடியேறறது ரத்தக் குழாயோட உள்சுவத்துல. உங்க சம்சாரத்துக்கு நாள் தள்ளிப்போனதால, உடம்பு முழுக்க அந்தச் சுவத்துல பரவிருச்சு. ஒளிஞ்ச கிருமியக் கொல்றதுக்கு உடம்பு தன் செல்லயே அழிக்கும். காரியம் முடிஞ்சா அதுவே நிறுத்திக்கணும். அவங்களுக்கு நிக்கல. சுவரு ஒழுகுது. தண்ணி நுரையீரலுக்குள்ள எறங்குது."

"கிருமி செத்த பொறகும் எதுக்குங்க கொளுத்துது?"

"அதுக்குத் தெரியணுமேங்க, செத்துருச்சுன்னு."

"நிறுத்த மருந்து?"

"அந்த நெருப்ப நேரா நிறுத்த ஒண்ணும் இல்லீங்க. அதுவா அடங்கற வரைக்கும் ஆளத் தாங்கிப் புடிக்கறோம். அதுக்குத்தான் மூச்சு மிஷின், அதுக்குத்தான் பிரஷர் மருந்து."

குன்னூரில் எனக்கு ஏற்பட்ட அறிவையெல்லாம் வைத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். என் எஸ்டேட்டில் திருடன் பிணமாகக் கிடக்கிறான். மேஸ்திரி இன்னும் தீவட்டியோடு லயம் லயமாகப் போய்க்கொண்டிருக்கிறார். போய்ச் சொல்ல ஆளில்லை.

ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். யோகத்தைச் சேர்த்த மறுநாளே பரமுவுக்குப் போன் போட்டேன். எங்களுக்குப் பிறகும் இரண்டு ஞாயிறு அதே பழைய தோட்டத்துக்கு விறகுக்குப் போனவள்.

"உனக்குக் காய்ச்சல் இருக்குதா?"

"ரெண்டு நாளா லேசா இருக்குண்ணே. அக்கா எப்படி?"

"அத விடு. படங்குக் கயிறு கட்டற எடத்தப் பாரு. இப்பவே. கண்ணாடி வெச்சுப் பாரு."

போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "அண்ணே, கயித்துக்கு மேல, கருப்பா ஒண்ணு..."

"கயிறுன்னு யாரு சொன்னாலும் நம்பாத. நானே சொன்னாலும் நம்பாத. டாக்டர்ட்ட போயி மொதல்ல அதக் காட்டு."

போனாள். காட்டினாள். அதே மாத்திரை. மூன்றாம் நாள் கொழுந்துக்குப் போய்விட்டாளாம்.

இன்று மதியம் பரமு வந்தாள். இரண்டு பஸ் மாறி, தூக்குச்சட்டியில் ரசம் சாதத்தோடு. கன்னம் சற்று ஒட்டியிருந்தது. மற்றபடி நன்றாக, முழுசாக இருந்தாள். படியேறி வந்ததில் மூச்சு வாங்கிவிட்டு, அந்த மூச்சு தானாகவே அடங்கியது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் நன்றாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

அவள் என் காலைத் தொட வந்தாள். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"வெக்கங்கெட்டவளே, எந்திரி. அட்டை கடிச்சா நீயே சுட்டுக்கோ, இனிமே என்னைக் கூப்புடாத" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

நான்கு மணிக்கு விபூதி டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். சிறுநீரகமும் நின்றுவிட்டது. டயாலிசிஸ் பண்ணும் அளவுக்கு ரத்த அழுத்தம் நிற்கவில்லை. மருந்து இருப்பதிலேயே உச்ச அளவில் ஓடுகிறது. "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். நித்யா மட்டும், "மிஷின எடுக்க மாட்டீங்கல்ல?" என்றாள். "இல்லம்மா, எடுக்க மாட்டோம்" என்றார்.

ஐந்து மணிப் பார்வை நேரம். உள்ளே ஒருவர்தான் போகலாம், ஐந்து நிமிடம். எழுந்தேன். கதவு வரை போய்த் திரும்பி வந்தேன். பயம்தான். இத்தனை வருடம் பயந்ததெல்லாம் ஒத்திகை என்று அப்போது புரிந்தது. பாஸைப் பரமுவிடம் கொடுத்தேன்.

"நீ போ. நீ நல்லாயிட்டேன்னு அவகிட்டச் சொல்லு."

"நீங்க போகலயாண்ணே?"

"நான் போனா வாயத் தொறப்பேன். நீ போ."

கண்ணாடிக் கதவு வழியே அவள் பச்சை அங்கி போட்டுக்கொண்டு போவது தெரிந்தது. நானும் நித்யாவும் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள்.

"சொன்னியா?" என்றேன்.

"சொல்லலண்ணே. வாயே வரல. காலப் புடிச்சுவிட்டேன்." தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அக்கா காலு சில்லுன்னு இருக்குண்ணே. பாதம் ரெண்டும். நர்ஸம்மாகிட்ட ஒரு போர்வை கேக்கட்டுமா?"

நித்யா குனிந்து தன் செருப்பை உதறினாள். இந்த ஹாலின் குளிருக்காக அவள் போட்டிருந்த கம்பளி சாக்ஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து என்னிடம் நீட்டினாள்.

இதையெல்லாம் உள்ளே விடமாட்டார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். இன்னும் சூடாக இருக்கிறது. இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன்.